பறவைக்கு எதிரி முதலையா?

கேள்வி: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போயிருந்தோம். பாலத்துக்குக் கீழே சேற்றில் பெரிய முதலை ஒன்று கிடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நாரை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு பதைத்துவிட்டது. பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் முதலைகளை எதற்கு விட்டுவைக்கிறார்கள்? பிடித்து விலங்குத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டால் பறவைகள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்குமே! என் மகனோ, அமெரிக்காவில் பறவைகள் முதலை இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகின்றன என்று வாதாடுகிறான். எதை நம்புவது?
(வாசகர், சுவா சூ காங், சிங்கப்பூர்)

பதில்: மகனை நம்புங்கள். அவர் சொல்வது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் நடப்பது. அவர் சொல்லும் முதலை நம் ஊர் முதலை இல்லை. நன்னீரில் வாழும், அகன்ற மூக்குள்ள அலிகேட்டர். வெண்கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், மரநாரை என்று நீரில் நடந்து இரை தேடும் பறவைகள் அங்கே தண்ணீர் சூழ்ந்த மரத்திட்டுகளில் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அந்த மரங்களுக்குக் கீழே அலிகேட்டர்கள் நீந்திக்கொண்டிருக்கும்.

பறவைகள் அங்கே பயப்படுவது முதன்மையாக ரக்கூன் என்ற அமெரிக்கக் காட்டு விலங்குக்கு. இரவில் வரும், நீந்தும், மரமேறும், முட்டையையும் குஞ்சையும் கையால் துழாவி எடுத்துத் தின்னும். ஒன்றிரண்டு ரக்கூன்கள் ஒரு திட்டைக் கண்டுபிடித்துவிட்டால், தப்பிய பறவைகள்கூட மிச்சக் கூடுகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவதுண்டு. ஒரு பருவத்துக் குஞ்சு பொரிப்பு மொத்தமும் வீண். நடுவே அலிகேட்டர் உள்ள தண்ணீர் இருந்தால் அந்த ரக்கூன் இறங்கத் துணியாது, துணிந்தால் பெரும்பாலும் கரைசேராது. பெரிய அலிகேட்டருக்கு மரமேறி உச்சிக்கிளையை எட்டும் உடல்வாகு கிடையாது. தன்னை எட்ட முடியாத ஒரு வேட்டைக்காரனை, தன்னை எட்டக்கூடிய வேட்டைக்காரனுக்குக் குறுக்கே நிறுத்திக்கொள்கிறது பறவை.

இதை நட்பு என்று மகனுக்குச் சொல்லிவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்த குஞ்சை அலிகேட்டர் விழுங்கிவிடும். தாழ்ந்த கிளையில் கூடு இருந்தால் நீரிலிருந்து எம்பிப் பிடிக்கும். அசந்து நின்றால் பெரிய பறவையும் தப்பாது. அந்த விலையைப் பறவைகளால் தாங்க முடிவதற்குக் காரணம் அவை குஞ்சு வளர்க்கும் முறை. கொக்கினங்கள் பல, எல்லாக் குஞ்சுகளையும் வளர்த்து ஆளாக்க முடியாத அளவுக்கு முட்டையிடுகின்றன. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் நாள் தள்ளித் தள்ளிப் பொரிகின்றன. மூத்தது பருத்திருக்கும்போது கடைசி இன்னும் கண்ணும் தோலுமாக இருக்கும். இரை தாராளமாகக் கிடைத்தால் எல்லாம் பிழைக்கும். குறைந்தால் கடைக்குட்டி பட்டினி கிடந்து சாகும், அல்லது உடன்பிறப்புகளே கொத்திக் கீழே தள்ளிவிடும். கேட்க வேதனையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலிகேட்டருக்குப் போவதில் பெரும்பகுதி, அது இல்லாவிட்டாலும் பிழைத்திருக்காத குஞ்சு. ரக்கூன் வந்தால் போவது கூடு முழுக்க.

அலிகேட்டருக்கும் இதில் லாபம் உண்டு. ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பறவைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் வாழும் அலிகேட்டர்கள், அதே போன்ற இடத்தில் பறவைகள் இல்லாமல் வாழ்பவற்றைவிட நல்ல உடல்கட்டோடு இருப்பதைக் காட்டியது. எவர்கிளேட்ஸில் குளிர்காலமும் இளவேனிலும்தான் வறண்டவை. நீர் வற்ற வற்ற மீன்கள் குட்டைகளில் நெருங்கிச் சேரும். குஞ்சுக்கு இரை கொண்டுவர அதைவிட நல்ல சமயம் இல்லை, அதனால் பறவைகள் அப்போதுதான் கூடு கட்டுகின்றன. அந்தக் குட்டைகளில் பலவற்றைச் சேற்றைத் தோண்டி ஆழமாக்கி வைத்திருப்பதும் அலிகேட்டர்தான். ஆனால் வறட்சி மிஞ்சி மரத்திட்டைச் சுற்றிய தண்ணீரும் வற்றிப்போனால் அலிகேட்டர் இடம்பெயரும், ரக்கூன் நடந்தே வந்துவிடும். இத்தனையையும் தாங்கி நிற்பது நீர்மட்டம். கடந்த நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி எவர்கிளேட்ஸின் தண்ணீரை மனிதர்கள் வடித்தபோது இந்த ஏற்பாடு முழுவதும் குலைந்தது, கூடு கட்டும் பறவைகளின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது.

அதற்கும் முன்பே இன்னொரு கொடுமை நடந்திருந்தது. சீமாட்டிகளின் தொப்பியில் இறகு செருகுவதற்காக வெண்கொக்குகளை அவை கூட்டில் இருக்கும்போதே சுட்டார்கள். அந்த மெல்லிய இறகு இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும் என்பதால், ஒரு தாய்ப்பறவையைக் கொன்றால் கூட்டுக் குஞ்சுகளும் பட்டினியில் செத்தன. அதைத் தடுக்க நின்ற கை பிராட்லி என்ற காவலர் 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தோலுக்காக அலிகேட்டர்களையும் வேட்டையாடித் தீர்த்தார்கள். 1967இல் அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்துக் காத்த பிறகு, 1987இல்தான் அது மீண்டுவிட்டதாக அறிவிக்க முடிந்தது. பறவைக்கும் முதலைக்கும் ஒரே சமயத்தில் எமனாக வந்தவர் யார் என்று உங்கள் மகனிடமே கேட்டுப் பாருங்கள்.

சென்னைக்குப் போகும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முதலைப் பண்ணைக்கும் மகனை அழைத்துப் போங்கள். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய இடம். சதுப்பு முதலைகள் கிடக்கும் குளத்துக்கு மேலேயே கொக்குகள் கூடு கட்டும். அங்கு முதலைகள் மூக்கின் மேல் குச்சிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்து, கூட்டுக்குச் சுள்ளி தேடி வரும் கொக்கைப் பிடிக்க முயல்வதாக 2013இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். குச்சி தற்செயலாகவும் மூக்கில் ஏறலாம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுக்கிறார்கள். வேட்டை நடப்பதில் யாருக்கும் ஐயமில்லை. அப்படியிருந்தும் கொக்குகள் ஆண்டுதோறும் அங்கேயே வருகின்றன.

இனி உங்கள் யோசனைக்கு வருகிறேன். அது தவறு, சொல்லப்போனால் இரண்டு தவறு.

சுங்கை பூலோவில் நீங்கள் பார்க்கும் பவளக்காலி, உப்புக்கொத்தி போன்ற வலசை வரும் கரைப்பறவைகள் சிங்கப்பூரில் குஞ்சு பொரிப்பதே இல்லை. சைபீரியா போன்ற வடபுலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, செப்டம்பர் முதல் மார்ச் வரை இங்கே இரை தின்று உடல் தேற்ற வருகின்றன. அவற்றுக்கு இங்கே தேவை சேறு, அதில் புழு, தொல்லையில்லாத ஓய்வு. கூடு கட்டும் சாம்பல் நாரைகளோ பாசிர் ரிஸ் போன்ற இடங்களில் மரத்தின் உச்சியில் கட்டுகின்றன. ஆகவே முதலையை அகற்றினால் ‘நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கும்’ என்பது நடக்கப்போவதில்லை. அதே காரணத்தால், ஃபுளோரிடாவில் கண்டதை அப்படியே நம் ஊரில் ஒட்டி, பூலோ முதலை பறவைகளுக்குக் காவல் என்று சொல்லவும் நான் தயாரில்லை. இங்கே ரக்கூன் கிடையாது. கூட்டைத் தேடி மரமேறும் உடும்பு, மலைப்பாம்பு, குரங்கு, வானத்திலிருந்து வரும் காகம் இவையே நம் கூடுகளின் கவலை. நம் உவர்நீர் முதலை மீனையும் நண்டையும் தின்னும், கைக்கெட்டினால் பறவையையும் உடும்பையும் தின்னும். அந்த நாரை தள்ளி நின்றது தூரத்தை அளந்துதான். அதற்கு உங்களைவிட முதலையைத் தெரியும்.

இரண்டாவது, பிடித்து அகற்றுவது. நமக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள ஜொகூர் நீரிணை அங்கே குறுகலானது. உவர்நீர் முதலை கடலில் நெடுந்தூரம் நீந்தக்கூடியது. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் தீபகற்பத்தில் மூன்று முதலைகளை ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் வேறிடத்தில் விட்டார்கள். மூன்றும் பிடித்த இடத்துக்கே திரும்பின. ஒன்று அந்தத் தீபகற்ப முனையைச் சுற்றி 400 கிலோமீட்டருக்கு மேல் கடல்வழியாக வந்தது. பூலோவில் இருப்பதைப் பிடித்தாலும் நல்ல இடம் காலியாக இருக்கும்வரை இன்னொன்று வந்து சேரும். 2023 அக்டோபரில் மரினா ஈஸ்ட் கடற்கரையில் ஒதுங்கிய முதலையைத் தேசிய பூங்காக் கழகம் பிடித்துக் கருணைக்கொலை செய்தது நினைவிருக்கலாம். மக்கள் கூடும் இடத்தில் அது வந்தது, அதிகாரிகளின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்து மனம் கனத்தது. மனிதக் கூட்டம் குறைந்த பூலோவிலும் அதற்கு இடமில்லை என்றால் இந்தத் தீவில் வேறெங்கே?

பூலோ ஒரு காலத்தில் இறால் பண்ணை. 1986இல் மலாயா இயற்கைச் சங்கத்தார் அங்கே பறவைகள் வந்து குவிவதைக் கண்டு அரசிடம் முறையிட்டார்கள். 1993இல் பூங்காவாகத் திறந்து, 2002இல் இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். பழைய மதகுகளைக் கொண்டே இன்றும் குளங்களின் நீர்மட்டத்தைப் பறவைகளுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைக்கிறார்கள். அந்த மதகை இயக்குபவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பாலத்தின் மேல் நின்று ரொட்டியோ கோழித்துண்டோ எறிந்து முதலையை அசையவைக்கப் பார்ப்பவர்களை நீங்கள் கண்டால் தடுங்கள். தீனிக்குப் பழகிய முதலை மனிதர்களை நாடி வரும், பிறகு மரினா ஈஸ்ட் முடிவுதான் அதற்கும். காட்டுயிர்ச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு.

அடுத்த முறை அக்டோபர், நவம்பரில், கடல் ஏற்றம் எப்போது என்று பார்த்துவிட்டுப் போங்கள். வெளிச்சேறு மூழ்கும்போது கரைப்பறவைகள் உள்குளங்களுக்கு வந்து நெருங்கி நிற்கும். இறக்கத்தின்போது பிரதான பாலத்திலிருந்து பார்த்தால், அதிர்ஷ்டமிருந்தால் முதலையும் தென்படும். ஒரு தொலைநோக்கியை மகன் கையில் கொடுத்து, முதலைக்கும் நாரைக்கும் நடுவே எவ்வளவு தூரம், முதலை நகர்ந்தால் நாரை என்ன செய்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.