கேட்டார்கள், சொல்கிறோம்: பசை வாளி எங்களுக்கு, கதிரை அவர்களுக்கு

தேர்தல் வந்தால் கட்சிக்காரர் எங்களைத்தான் தேடி வருகிறார்கள். இரவிரவாகப் பசை காய்ச்சி போஸ்டர் ஒட்டியது நாங்கள். வென்ற பிறகு கோல் எடுத்தால் பதில் இல்லை. இதற்குப் பிறகும் இளைஞர்கள் அரசியலுக்கு வரவேண்டும் என்பீர்களா?
– வாசகர் (வயது 23), ஆரையம்பதி

என்பேன் தம்பி, ஆனால் பசை வாளியோடு இல்லை. போன தேர்தலில் உங்கள் பக்கத்துக் கூட்டமொன்றுக்குப் போயிருந்தேன். முன்வரிசையில் துணி போட்ட கதிரைகள், அதில் கட்சிப் பிரமுகர்கள், கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர், ஓய்வு பெற்ற அதிபர் ஒருவர். பொடியன்கள் எல்லாரும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், மைக் நின்றால் ஓடுவதற்குத் தயாராக. "இப்போது இளைஞர் சார்பில்" என்று அறிவித்தார்கள், எழும்பி வந்தவருக்கு எப்படியும் ஐம்பது இருக்கும். அவரும் நன்றாகத்தான் பேசினார்!

சட்டம் இல்லாமல் இல்லை. தெற்கில் 1971இலும் பிறகு 80களின் கடைசியிலும் கிளர்ச்சி, இங்கே வடக்கு கிழக்கில் யுத்தம், இவ்வளவும் ஆன பிறகுதான் பிள்ளைகள் ஏன் இப்படி ஆனார்கள் என்று கேட்க ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று போட்டார்கள். அதன் அறிக்கை 1990இல் வந்தது. உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுவில் 40 சதவீதம் 18 முதல் 35 வயது வரையானவர்களாக இருக்க வேண்டும் என்ற விதி வந்ததும் அந்தக் காலத்தில்தான். பின்னர் அதைத் தளர்த்திவிட்டு, 2023இல் 25 சதவீதமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2025 மே 6 தேர்தலுக்கு முன் இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியில்லை என்று நாடு முழுக்க எத்தனையோ வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டு வழக்கு வரை போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கட்சிகள் இளைஞர்களின் பிறந்த திகதியில் அவ்வளவு அக்கறை காட்டியதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஆனால் ஓட்டை எங்கே என்றால், பெண்களுக்கான 25 சதவீதம் சபைக் கதிரையைக் குறித்தது, இளைஞருக்கான 25 சதவீதம் வேட்புமனுவோடு முடிந்துவிடுகிறது. உறுப்பினர்களில் 60 சதவீதம் வட்டாரத்தில் வென்று வருகிறவர்கள், மீதி 40 சதவீதத்துக்குப் பட்டியலில் இருந்து யாரை அனுப்புவது என்பது கட்சியின் கையில். வெல்லவே முடியாத வட்டாரத்தில் உங்கள் பெயரைப் போட்டாலும், பட்டியலின் அடியில் போட்டு மறந்தாலும், சட்டப்படி எல்லாம் சரி.

அதனால் அடுத்த முறை வாளியைத் தூக்குவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: எங்களில் யாருக்கு, எந்த வட்டாரம், போன முறை அங்கே கட்சிக்கு எத்தனை வாக்கு? "அதெல்லாம் பிறகு பார்ப்பம் தம்பி" என்றால் நீங்களும் போஸ்டரைப் பிறகு பார்க்கலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. ஒருவர் கேட்டால் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சமாளித்துவிடுவார்கள், அந்த வித்தை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் காலப் பிள்ளைகளுக்கு டிக்டொக் தவிர என்ன தெரியும்? இவர்களை நம்பி சபையைக் கொடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைதீவு

பெரியவர்களை நம்பிக் கொடுத்துப் பார்த்தோமே, ஐயா. 2022 ஏப்ரலில் கொழும்பு காலிமுகத்திடல் போராட்டத்துக்குக் கூட்டம் சேர்த்ததில் பெரிய பங்கு அந்தப் போனுக்குத்தான், யூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். 2019 கடைசியில் நாடு முழுக்க மதில்களில் படம் கீறியதும் இதே வயதுப் பிள்ளைகள்தான். அந்தப் படங்களில் சிலதில் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை. 18 வயதில் வாக்குப் போடலாம் என்று இந்த நாடு 1959இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, நாம்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

மகன் ஏ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். எந்த நேரமும் முகநூலில் அரசியல். மேய்ச்சல் தரை, காணி என்று கோபமாக எழுதுகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லவா?
– ஒரு தாய், திருக்கோவில்

உங்கள் பயத்தை நான் சிரித்துத் தள்ள மாட்டேன், அக்கா. 2021 மே 18 கிரான் கடற்கரையில் யுத்தத்தில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றப் போனவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் அது. 2024இல் இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்தது. இதெல்லாம் தெரிந்த தாய் பயப்படாமல் எப்படி இருப்பாள்?

என்றாலும் நிறுத்தச் சொல்லாதீர்கள். வீட்டில் வாயை மூடினால் வேறு எங்கேயோ, உங்களுக்குத் தெரியாத பெயரில் எழுதுவான், அதுதான் எனக்குப் பயம். பக்கத்தில் இருந்து வாசியுங்கள். மட்டக்களப்பு மயிலத்தமடு மாதவனையில் மாடு வளர்ப்பவர்களின் மேய்ச்சல் தரைப் பிரச்சினையை எழுதுகிறானா, எழுதட்டும், 2023இல் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தெருவோரம் இருந்து போராடிய விடயம் அது. ஆனால் எழுதும்போது எந்தக் காணி, எந்தத் திணைக்களம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதட்டும். ஒரு இனத்தையோ மதத்தையோ சேர்த்துத் திட்டுகிற வரி இருந்தால் அதை மட்டும் அழிக்கச் சொல்லுங்கள். பகிர்ந்து வந்த வீடியோ எந்த வருடத்தது என்று பார்க்காமல் பகிரக் கூடாது. தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் கல்முனைப் பக்கம் பழைய வீடியோ ஒன்று எத்தனை வீட்டு நித்திரையைக் கெடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் இளைஞர் கழகம் கிரிக்கெட்டும் பொங்கல் விழாவும் மட்டும்தான் செய்கிறது. அரசியல் வேண்டாம் என்கிறார் தலைவர். நாங்கள் வேறு என்ன செய்யலாம்?
– கழக உறுப்பினர், செங்கலடி

கிரிக்கெட்டை விட்டுவிடாதீர்கள், ஆட்கள் சேருவது அதற்குத்தான். உங்கள் தலைவர் சொல்வது கட்சி அரசியல் என்றால் அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, கழகத்துக்குள் கட்சி வந்தால் அடுத்த வருடம் இரண்டு கழகம் இருக்கும். ஆனால் ரோட்டு லைட் கட்சி இல்லையே. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எங்கள் வட்டாரத்தில் போன வருடம் தெரு விளக்குக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எத்தனை வாங்கினீர்கள், எங்கே பூட்டினீர்கள்? தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறது. கடிதத்தைப் பாரம் கொடுக்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் "வரவில்லையே" என்பார்கள். பதில் வந்ததும் நாலு பேர் டோர்ச் எடுத்துக்கொண்டு இரவில் ஒரு சுற்றுப் போய், பூட்டியதாகச் சொன்ன லைட்டுகளை எண்ணிப் பாருங்கள். கணக்குப் பிழைத்தால் அந்தப் பதிலையும் தூணையும் படம் எடுத்துப் போடுங்கள். உங்கள் வட்டார உறுப்பினர் அன்றைக்குக் கோல் எடுப்பார்.