வாசகர் கேள்வி – பதில்: உப்புக் கசியும் காலம்

கேள்வி: கொழும்பில் வேலை செய்த காலத்தில் மேசையில் திறந்து வைத்த உப்புகூட அவ்வளவாக நனைந்ததில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு, போத்தலில் போட்ட உப்பும் தண்ணீர் விட்டுவிடுகிறது. மலைநாட்டுக் காற்றில் நீர் அதிகமா? அரிசி போட்டால் சரியாகுமா?
– வாசகி ஒருவர், மஸ்கெலியா

பதில்: அதிகமில்லை, பார்க்கப்போனால் குறைவுதான். 30 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராமுக்கு மேல் தாங்காது. ஆகவே கொழும்பின் பகற்காற்றில் 21 கிராம் நீராவி இருந்தாலும் அது 70 வீதமே நிரம்பியிருக்க, உங்கள் ஊரின் ஆடி மழையில் 12 கிராம் இருந்தாலே காற்று 90 வீதத்துக்கு மேல் நிரம்பிவிடுகிறது. பாடப்புத்தகங்கள் சாரீரப்பதன் என்று குறிப்பிடும் இந்த வீதத்தைப் பொறுத்தே உப்பு நனைவதும் நனையாதிருப்பதும் அமைகின்றன.

தூய சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலுள்ள நீரை இழுத்து அதிலேயே கரையத் தொடங்கும். ஆனால் கடல்நீரை வற்றவைத்து எடுக்கும் உப்பில் சிறிதளவு மகனீசியம் குளோரைட்டு ஒட்டியிருக்கும். அதற்கு 33 வீதமே போதும். கல்லுப்பு முதலில் கசிவது இதனால்தான்.

அடுப்புக்குப் பக்கத்தில் உப்புச் சட்டியை வைத்த நம் பாட்டிமார் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கணக்கு அவர்கள் பக்கமே இருக்கிறது. 12 கிராம் நீராவியுள்ள அதே காற்று 25 பாகைக்குச் சூடானால் சாரீரப்பதன் ஏறத்தாழ 52 வீதமாக இறங்கிவிடும். கொதிக்கும் பானையின் ஆவி படாத இடமாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண அரிசியில் ஏற்கெனவே நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு வரை நீர் இருப்பதால் அது மேலும் அதிகமாக உறிஞ்சாது. வெறுஞ்சட்டியில் வறுத்து, ஆறவிட்டுப் போட்டால் சிறிது பயனுண்டு. மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் அதுவும் வீண். அயடீன் சேர்த்த உப்பாயின், கசிந்த நீரை வடித்துக் கொட்டாதீர்கள். அயடீனும் அதோடு போய்விடும்.

கேள்வி: தேயிலைத் தூள் உப்பைப்போல் கசிவதில்லையே, அதையும் ஏன் இறுக மூடச் சொல்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: உப்பு நீரை இழுத்துக் கரைகிறது, தேயிலையோ கரையாமல், தன் நார்களுக்குள் நீரை வாங்கி வைத்துக்கொள்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதே இதிலுள்ள தொல்லை. தொழிற்சாலையில் ஏறத்தாழ 3 வீத ஈரப்பதன் வரை உலர்த்தப்படும் தூள், மழைக்காலத்தில் திறந்து கிடந்தால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஈரத்தை எளிதில் ஏற்றுக்கொண்டு, மணமும் விறுவிறுப்பும் குன்றிவிடும். பக்கத்தில் கருவாடோ சவர்க்காரமோ இருந்தால் அதன் வாடையையும் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறு பைகளை மீண்டும் பயன்படுத்தலாமா?
– மாணவி ஒருவர், பண்டாரவளை

பதில்: அது சிலிக்கா ஜெல் என்றால் பயன்படுத்தலாம். அதன் நுண்துளைகளின் சுவர்களில் நீர் ஒட்டிக்கொள்கிறது. மணிகளை ஏறத்தாழ 120 பாகையில் சூடாக்கினால் நீர் வெளியேறிவிடும். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் மணிகளில் கோபால்ட்டு குளோரைட்டு என்னும் நச்சுப்பொருள் உள்ளது. அவற்றைச் சமையலறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.