இரண்டாவது கார் வந்த பிறகு பழைய காரை என்ன செய்வது?

பழைய காரை வளவுக்குள் விட்டுவிட்டுப் புதியதற்கு இன்சூரன்ஸ் போடும் இலங்கையின் கிழக்குப் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் தருகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். நான் பல வருடம் காப்புறுதி முகவராக இருந்தவன். ஆனால் இப்போது யாருக்கும் எதையும் விற்கவில்லை!

கல்லடி: அண்ணன், பழைய கார் ஆறு மாதம் சும்மா நிற்கப்போகுது. அதுக்கும் இன்சூரன்ஸ் கட்டத்தான் வேணுமா?

ரோட்டில் ஏறாத காருக்குச் சட்டம் இன்சூரன்ஸ் கேட்பதில்லை தம்பி. ஆனால் வளவில் இடம் போதாமல் கேற்றுக்கு வெளியே விட்டால் அதுவும் ரோடுதான். கராஜுக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டினாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் தேர்ட் பார்ட்டியாவது (உங்கள் கார் இடித்த மற்றவருக்கு மட்டும் நட்டஈடு தரும் இன்சூரன்ஸ்) இல்லாவிட்டால் குற்றம்; யாரையாவது இடித்தால் நட்டஈடு உங்கள் கையிலிருந்துதான் போகும். ஆகவே தேர்ட் பார்ட்டியை விடாதீர்கள், செலவு குறைவு.

உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கும் காசு தரும் ஃபுல் இன்சூரன்ஸை நிறுத்துவதா என்பதைக் கார் நிற்கும் இடத்தைப் பார்த்து முடிவெடுங்கள். தேங்காய் விழுந்து கண்ணாடி உடைந்தாலும், களவு போனாலும் தேர்ட் பார்ட்டி ஒரு சதமும் தராது. வருட நடுவில் நிறுத்தினால் மீதி மாதக் காசு அப்படியே திரும்பி வரும் என்றும் நினைக்காதீர்கள். கழித்துத்தான் தருவார்கள். புதுப்பிக்கும் நேரம் வரை பொறுப்பது நல்லது.

காத்தான்குடி: காக்கா, இன்சூரன்ஸ் போடாட்டி வருட லைசன்ஸும் எடுக்க ஏலாதே?

ஏலாது. காருக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தைத்தான் இவர் கேட்கிறார். அதற்காகப் பேசாமல் இருந்தால், பிறகு காரை எடுக்கும்போது நிலுவையும் தண்டமும் சேர்ந்து நிற்கும். லைசன்ஸ் முடிவதற்கு முன்பே பிரதேச செயலகத்துக்குப் போய், வாகனம் பாவனையில் இல்லை என்று எழுத்தில் அறிவியுங்கள். முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். வாயால் சொன்னதை அடுத்த வருடம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அக்கரைப்பற்று: பழைய காரில சேர்ந்த நோ கிளெயிம் போனஸை ரெண்டு காருக்கும் போடலாமா அண்ணன்?

எல்லாரும் ஆசைப்படுவது இதுதான் தங்கச்சி. கிளெயிம் கேட்காத வருடங்களுக்காக, கட்டும் காசில் (பிரீமியத்தில்) கிடைக்கும் கழிவுதான் இந்தப் போனஸ். ஒரு போனஸ் ஒரு காருக்குத்தான். அது உங்கள் பெயரில் சேர்ந்தது என்பதால் புதிய காருக்கு மாற்றக் கேட்கலாம். அப்போது பழையது திரும்ப வரும்போது பூச்சியத்தில் இருந்து தொடங்கும். புதியதுக்குத்தான் பிரீமியம் கூட, அதனால் நான் என்றால் அங்கேயே மாற்றுவேன். வேறு கம்பனிக்குப் போவதாக இருந்தால், எத்தனை வீதம் போனஸ் என்று பழைய கம்பனியிடம் கடிதம் வாங்குங்கள். பழைய காரை விற்பதற்கு முன்பே இதைச் செய்து முடியுங்கள்.

களுவாஞ்சிக்குடி: பழைய கார் இன்னும் லீசிங்கில இருக்கு.

அப்படியென்றால் பேச்சே இல்லை. கடன் முடியும்வரை லீசிங் கம்பனி ஃபுல் இன்சூரன்ஸ்தான் கேட்கும், கார் ஓடினாலும் நின்றாலும்.

வாழைச்சேனை: மாரியில வளவுக்குள்ள தண்ணி ஏறும். நிற்கிற காருக்குக் காசு கிடைக்குமா?

முதலில் இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளம், புயலுக்கான காப்பு பல பத்திரங்களில் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டியது. ஃபுல் என்ற பெயரை நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். தண்ணீர் ஏறிவிட்டால் ஓடுதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பவே வேண்டாம். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பிலேயே பிஸ்டனோடு சேர்ந்த கம்பி (கனெக்டிங் ரொட்) வளைந்துவிடலாம், பிறகு கம்பனி ‘நீங்கள் செய்தது’ என்று கையை விரிக்கும். தண்ணீர் வற்றியதும் பட்டரி வயரைக் கழற்றுங்கள், தண்ணீர் நின்ற அடையாளம் தெரியப் படம் எடுங்கள், கம்பனிக்குக் கோல் எடுங்கள். அவர்களின் ஆள் வந்து பார்க்கும்வரை கழுவவும் வேண்டாம்.