பி16 பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா?

கேள்வி: எனக்கு வயது 37. ஹெச்பிவி பரிசோதனை பாசிட்டிவ். பிறகு எடுத்த கருப்பைவாய்த் திசுப் பரிசோதனையில் ‘சிஐஎன் 2, பி16 பாசிட்டிவ்’ என்றிருக்கிறது. இரண்டு பாசிட்டிவ் வந்தால் புற்றுநோய் உறுதிதானே? கருப்பையை எடுத்துவிட வேண்டுமா? பிடி-எல்1 பரிசோதனையும் செய்யச் சொல்கிறார் உறவினர் ஒருவர்.

பதில்: இது புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய நிலை. அந்த நிலையில் செல் மாற்றத்தை 1 முதல் 3 வரை படிகளாகப் பிரிப்பதுதான் சிஐஎன்; உங்களுடையது நடுப்படி. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்து உங்களைக் கலங்கடித்திருக்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள்.

ஹெச்பிவி பரிசோதனை, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்பிவி என்ற வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. பெரும்பாலோருக்கு அது ஓரிரு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். பி16 என்ற புரதம் காட்டுவதோ, வைரஸ் செல்லுக்குள் வேலையைத் தொடங்கிவிட்டதை. வைரஸின் இ7 புரதம், செல் பெருக்கத்துக்குக் கடிவாளமான ஆர்பி புரதத்தை முடக்கிவிடுகிறது. பெருக்கத்தை அடக்க உதவும் பி16 செல்லில் குவிகிறது, பயன்தான் இல்லை. கம்பி அறுந்த பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பது போல. அந்தக் குவியல்தான், திசுவுக்குச் சாயமேற்றியதும் கண்ணாடித் தகட்டில் பழுப்பாகத் தெரிகிறது. அடி அடுக்கிலிருந்து மேல்நோக்கி இடைவெளியின்றிப் பழுப்பேறியிருந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கணக்கில் கொள்வதில்லை.

சிஐஎன் 2, நோயியல் மருத்துவர்களான எங்களுக்குள்ளேயே சச்சரவு தரும் நிலை. ஒருவர் 1 என்பதை இன்னொருவர் 2 என்பார். அந்த வழக்கைத் தீர்க்கத்தான் பி16 சாயம். உங்கள் விஷயத்தில் தீர்ப்பு, இது உயர்நிலை மாற்றம், அதாவது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு அதிகமுள்ளது என்பது.

பொதுவாக இதற்குக் கருப்பையை எடுப்பதில்லை. மின்கம்பி வளையத்தால் பாதித்த பகுதியை மட்டும் அகற்றும் ‘லீப்’ சிகிச்சை, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தே முடிந்துவிடும்.

பிடி-எல்1 என்ற புரதத்துக்கான பரிசோதனை இப்போது உங்களுக்குத் தேவையில்லை. பரவிய அல்லது திரும்பி வந்த புற்றுநோயில், பெம்புரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்து பலன் தருமா என்று பார்ப்பதற்கானது அது. பிடி-எல்1 அளவைக் குறிக்கும் ஒருங்கிணைந்த மதிப்பெண் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் அம்மருந்தைச் சேர்ப்பார்கள். உறவினரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் இது வேறு ஊருக்கான டிக்கெட்.

இனிமேல் கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் லீப்புக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிஐஎன் 2 சிலருக்குத் தானாகவே மறைவதால், உடனே வெட்டாமல் கண்காணிக்கவும் வாய்ப்புண்டு. லீப் செய்தால், அகற்றிய திசுவின் விளிம்பில் மாற்றம் மிச்சமிருக்கிறதா என்று அறிக்கையில் பாருங்கள். 6 மாதத்தில் ஹெச்பிவி பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள்.