வாசகர் கேள்வி: மலேரியா மருந்தும் கணினியும்

கேள்வி: இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அப்படியிருக்க, கணினியின் உதவியுடன் புதிய மலேரியா மருந்துகளை இன்னும் தேடுவது ஏன்? கணினியால் மருந்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
— உயர்தர மாணவி, மூதூர், திருகோணமலை

பதில்: உள்ளூர்த் தொற்று நின்றுவிட்டாலும், நோயைப் பரப்பும் நுளம்பு நம்மிடையே இருக்கிறது, வெளிநாடுகளிலிருந்து திரும்புவோருடன் ஒட்டுண்ணியும் அவ்வப்போது வந்து சேர்கிறது. 1963இல் 17 நோயாளர்களாகக் குறைந்த மலேரியா, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோரைத் தாக்கிய வரலாறு நமக்கு உண்டு. இன்று உயிர் காக்கும் ஆர்ட்டிமிசினின் மருந்துக்கும் கம்போடியாவிலும், பின்னர் ருவாண்டா, உகண்டாவிலும் எதிர்ப்பு தோன்றியிருப்பதால், தேடலை நிறுத்த எந்த நாட்டுக்கும் இயலாது.

கணினி மருந்தைக் கண்டுபிடிப்பதில்லை. எதைச் சோதிக்கலாம் என்று காட்டுகிறது. இதற்குத் தாய்லாந்து விஞ்ஞானிகளின் பணியைச் சிறந்த உதாரணமாகக் கருதுகிறேன். பைரிமெத்தமின் என்ற பழைய மருந்து, ஒட்டுண்ணி தன் டிஎன்ஏவை உருவாக்கத் தேவையான டிஎச்எஃப்ஆர் (DHFR) என்ற நொதியத்தைத் தடுத்துவந்தது. அந்த நொதியத்தின் 108ஆவது இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறியதும், வளைந்துகொடுக்காத அந்த மருந்து மூலக்கூறு அங்கே இடித்துக்கொண்டு சரியாகப் பொருந்தாமல் போயிற்று. 2003இல் நொதியத்தின் முப்பரிமாண அமைப்பு வெளியானபின், இந்த மோதலைக் கணினித் திரையிலேயே காண முடிந்தது. ஆகவே, வளைந்து இடம்கொடுக்கக்கூடியதும், நொதியத்தின் இயல்பான வினைபொருள் (நொதியம் பற்றி மாற்றும் மூலக்கூறு) அமரும் எல்லைக்குள்ளேயே அடங்குவதுமான பி218 என்ற மூலக்கூறை அவர்கள் வடிவமைத்தார்கள். இதைத் தடுக்கும் வகையில் ஒட்டுண்ணி மாறினால், தன் இயல்பான வினைபொருளையும் அது இழக்க நேரிடும் என்பதே அதன் பின்னுள்ள கருத்து; எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே.

இருப்பினும், திரையில் நன்கு பொருந்தும் மூலக்கூறுகளுள் பெரும்பாலானவை ஆய்வுகூடத்தில் தோற்றுவிடுகின்றன. நீரில் கரையாமை, கல்லீரலில் விரைவில் சிதைதல், மனித நொதியத்தையும் தடுத்துவிடுதல் எனக் காரணங்கள் பல. பி218கூட விலங்குச் சோதனைகளைக் கடந்த பின்னரே மனிதரில் முதற்கட்டச் சோதனைக்குச் சென்றது.

இத்துறை உங்களை ஈர்த்தால் இரசாயனவியலை ஊன்றிப் படியுங்கள். புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமித்துவைக்கும் உலகப் பொதுத் தரவுத்தளத்தை (Protein Data Bank) எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மேற்சொன்ன நொதியத்தின் மனித வடிவத்தையும் ஒட்டுண்ணி வடிவத்தையும் அங்கே அருகருகே வைத்துப் பாருங்கள்.