‘ஃபைனல்_புதுசு_2’ ஃபோல்டருக்கு விடை கொடுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

ஈரோட்டில் மூன்று பேர் சேர்ந்து ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். வாரா வாரம் ஃபோல்டரை ஜிப் செய்து, தேதி போட்டு வைப்பது வழக்கம். ஒருவர் திருத்தியதன் மேல் இன்னொருவர் பழைய ஃபைலைக் காப்பி செய்துவிட்டார். இரண்டு நாள் வேலை போச்சு. ஃபைல்களின் ஒவ்வொரு திருத்தத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட், சப்வெர்ஷன், மெர்க்யூரியல்... எதைப் பிடிப்பது? நாங்கள் எழுதும் புரோகிராம் கோடு வெளியே போகக் கூடாது, கிட்ஹப்பே வேண்டாம் என்கிறார் பங்குதாரர்.

கிட். மூன்றில் கற்றுக்கொள்ள எளிது அது என்று பொய் சொல்ல மாட்டோம். அந்த விஷயத்தில் மெர்க்யூரியல்தான் சுலபம். இரண்டும் 2005-ல் பிறந்தவை. லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற அதே வகை மென்பொருளின் இலவச உரிமம் கைவிட்டுப் போனதுதான் இரண்டுக்குமே தூண்டுகோல். ஆனால் 2020-ல் கோடைச் சேமிக்க இடம் கொடுக்கும் பிட்பக்கெட் தளமே மெர்க்யூரியலைக் கைகழுவிவிட்டது. நாளைக்கு நாலாவதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால், அவருக்குத் தெரிந்திருக்கப்போவது கிட்தான்.

கிட்ஹப் வேறு, கிட் வேறு என்பதைப் பங்குதாரரிடம் சொல்லுங்கள். கிட் உங்கள் கணினியிலேயே ஓடும் மென்பொருள். கிட்ஹப் அதற்கு இடம் கொடுக்கும் ஒரு தளம், அவ்வளவுதான். அலுவலகத்தில் சும்மா கிடக்கும் பழைய பிசி ஒன்றில் லினக்ஸ் போட்டு, எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வழி) ஓடவிட்டால் போதும். அதில் ‘கிட்’ என்று ஒரே ஒரு யூசர் உருவாக்கி, மூன்று பேருடைய பப்ளிக் கீயையும் (எஸ்எஸ்ஹெச் ஆளை அடையாளம் காணும் சாவியின் வெளிப்பகுதி) அவருடைய ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ ஃபைலில் வரிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். ஆளுக்கொரு யூசர் என்று ஆரம்பித்தால், ஒருவர் புஷ் செய்த (தன் திருத்தங்களை சர்வருக்கு அனுப்பிய) ஃபோல்டருக்குள் இன்னொருவரால் எழுத முடியாமல் பெர்மிஷன் தகராறு வரும். யார் எந்தத் திருத்தம் செய்தார் என்பது அவரவர் கணினியில் கொடுக்கும் யூசர் நேம், இமெயிலிலிருந்து வருவது. சர்வர் யூசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த பிசியில் ‘கிட் இனிட் --பேர் பில்லிங்.கிட்’ என்று ரெப்போ (திருத்த வரலாறு முழுவதும் இருக்கும் கிடங்கு) தொடங்குங்கள். ‘பேர்’ முக்கியம். அது இல்லாமல் தொடங்கினால் சர்வரிலும் ஒரு வொர்க்கிங் ஃபோல்டர் திறந்து நிற்கும். அங்கே திறந்திருக்கும் பிராஞ்சுக்கு (திருத்தங்களின் கிளைக்கு) புஷ் செய்ய கிட் மறுத்துவிடும். பிறகு அதே ரெப்போவுக்குள் ‘ரிசீவ்.டினைநான்ஃபாஸ்ட்ஃபார்வர்ட்ஸ்’ என்பதை ட்ரூ ஆக்குங்கள். உங்கள் இரண்டு நாள் வேலையைத் தின்ற பிரச்சினைக்கு மருந்து இதுதான். உங்களுக்கு முன் வேறொருவர் புஷ் செய்திருந்தால் கிட் உங்கள் புஷ்ஷைத் திருப்பி அனுப்பும். அவசரத்தில் பலர் ‘--ஃபோர்ஸ்’ போட்டுத் தள்ளுவார்கள். அது பழைய ஃபைலை மேலே காப்பி செய்வதற்குச் சமம். இந்த அமைப்பு இருந்தால் ஃபோர்ஸும் செல்லாது. முதலில் புல் (சர்வரில் இருப்பதை இறக்கிச் சேர்ப்பது), மோதல் இருந்தால் தீர்ப்பது, அப்புறம்தான் புஷ்.

முதல் கமிட்டுக்கு (திருத்தங்களை வரலாற்றில் பதிவதற்கு) முன்பே, கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான ‘.கிட்இக்னோர்’ எழுதிவிடுங்கள்: கம்பைல் ஆகி விழும் ஃபோல்டர்கள், ‘நோட்_மாட்யூல்ஸ்’, பாஸ்வேர்டு இருக்கும் ‘.என்வ்’, வாடிக்கையாளரின் டேட்டாபேஸ் பேக்கப். ஒருமுறை ஏற்றிய ஃபைலைப் பிறகு இக்னோரில் சேர்த்தால் ஒன்றும் நடக்காது. ‘கிட் ஆர்எம் --கேச்டு’ கொடுத்துத்தான் விலக்க வேண்டும்.

பழைய ஜிப்களைத் தூக்கிப் போட வேண்டாம். பழையதிலிருந்து வரிசையாக ஐந்தாறை மட்டும் எடுங்கள். ‘.கிட்’ ஃபோல்டரைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துவிட்டு ஒரு ஜிப்பை விரியுங்கள், ‘கிட் ஆட் -ஏ’, ‘--டேட்’டில் பழைய தேதி கொடுத்துக் கமிட், அடுத்த ஜிப். அழிக்காமல் மேலேயே விரித்தால், இடையில் நீக்கிய ஃபைல்கள் பேயாகத் தங்கிவிடும்.

இன்னொன்று. ‘.கிட்’ இருக்கும் ஃபோல்டரை கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரியான சிங்க் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எழுதினால் ரெப்போ உடைந்து போகும். பேக்கப்புக்கு ‘கிட் க்ளோன் --மிரர்’ (ரெப்போவின் முழு நகல்) எடுத்து வேறொரு டிஸ்க்கில் வையுங்கள்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் தெரியாமல் கமிட் செய்து, கிட்ஹப்பில் பொது ரெப்போவுக்குப் புஷ்ஷும் செய்துவிட்டேன். அடுத்த கமிட்டில் அழித்துவிட்டேன். போதுமா? (மதுரை வாசகர்)

போதாது. முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம். முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது, மற்றதெல்லாம் அப்புறம். பலர் வரலாற்றைத் துடைப்பதில் அரை நாள் செலவழித்துவிட்டுப் பாஸ்வேர்டை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

துடைக்க ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’வின் ‘--ரிப்ளேஸ்-டெக்ஸ்ட்’ உதவும். ஒவ்வொரு கமிட்டின் அடையாள எண்ணும் அதற்கு முந்தையதன் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஒன்றைத் தொட்டால் அதற்குப் பிந்தைய எல்லா எண்களும் மாறும். எனவே இங்கே மட்டும் ஃபோர்ஸ் புஷ் தேவை. கூட வேலை செய்பவர்கள் பழைய க்ளோனை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். பழையதிலிருந்து ஒருவர் மெர்ஜ் செய்து (ஒன்றாக இணைத்து) புஷ் செய்தாலும் பாஸ்வேர்டு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபோர்க் (கிட்ஹப்பிலேயே தனி நகல்) எடுத்தவர்களிடம் இருப்பதை உங்களால் துடைக்க முடியாது. அதனால்தான் முதல் வேலையாக மாற்றச் சொன்னோம்.

எங்களுடையது கேம் ஸ்டூடியோ. ஃபோட்டோஷாப் ஃபைல் ஒவ்வொன்றும் 80 எம்பி. கிட் ஆமை மாதிரி நகர்கிறது. (கொழும்பு வாசகர்)

80 எம்பி ஃபைலை 50 முறை திருத்தினால் ஏறக்குறைய 4 ஜிபி. இந்த வகை ஃபைலில் கிட்டின் சுருக்கும் வித்தை அதிகம் பலிக்காது. க்ளோன் செய்பவர் எல்லாப் பழைய வடிவங்களையும் சேர்த்தே இறக்குகிறார். கிட்ஹப் 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கும், 100 எம்பியைத் தாண்டிய ஃபைலை ஏற்காது.

கோடு அதிகம், படம் கொஞ்சம் என்றால் கிட் எல்எஃப்எஸ் (பெரிய ஃபைல்களைத் தனியே வைத்து, ரெப்போவில் சுட்டியை மட்டும் வைக்கும் துணைக்கருவி) போதும். முதல் படத்தை ஏற்றும் முன்பே ‘எல்எஃப்எஸ் டிராக்’ கொடுத்து, அது எழுதும் ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலையும் கமிட் செய்யுங்கள். ஏற்கெனவே ஏறியவற்றுக்கு ‘எல்எஃப்எஸ் மைக்ரேட் இம்போர்ட்’ வேண்டும். அது வரலாற்றையே திருத்தி எழுதும்.

படமே பெரும்பகுதி என்றால், பழசு என்று பலர் முகம் சுளிக்கும் சப்வெர்ஷனைக் கூசாமல் எடுங்கள். கடைசி வடிவம் மட்டும் இறங்கும். ‘நீட்ஸ்-லாக்’ குறித்த ஃபைல், பூட்டை வாங்கும் வரை படிக்க மட்டும் திறக்கும். இரண்டு ஓவியர்களின் ஒரே பிஎஸ்டியை (ஃபோட்டோஷாப் ஃபைலை) மெர்ஜ் செய்ய எந்த மென்பொருளாலும் ஆகாது, பூட்டுத்தான் வழி.

‘கிட் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் \340\256\205 என்று வருகின்றன. ஃபைல் கெட்டுவிட்டதா? (கோவை வாசகர்)

கெடவில்லை. அது ‘அ’. யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். ஆங்கிலமல்லாத பைட்டுகளை கிட் எண்ணாகக் காட்டுகிறது. ‘கோர்.கோட்பாத்’ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், தமிழ் தெரியும்.

ஒரே ஒரு வரி மாற்றினேன். ஃபைல் முழுக்க மாறியதாக டிஃப் (மாற்றங்களின் பட்டியல்) காட்டுகிறது. (நெல்லை வாசகர்)

வரி முடிவுக் குறி. விண்டோஸ் இரண்டு எழுத்து வைக்கும், லினக்ஸ் ஒன்று. ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’ ஃபைலில் ‘* டெக்ஸ்ட்=ஆட்டோ’ என்று ஒரு வரி எழுதி, ‘கிட் ஆட் --ரீநார்மலைஸ் .’ கொடுத்து, அதைத் தனிக் கமிட்டாகப் போடுங்கள். வேறு திருத்தத்தோடு கலந்தால் பிறகு எது உண்மையான மாற்றம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.