வெட்டிப்போட்ட காகிதங்களைக் கூட்டித் தள்ளாதீர்கள்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகன் பதினோராம் வகுப்பு. மதிப்பெண் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு நண்பர்களுக்குப் பொம்மை தைக்க ஃபெல்ட் துணியும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுகிறான். எந்நேரமும் கொட்டாவி விடுகிற நண்பனுக்கு வாய் மூடாத நீர்யானை, கணக்கென்றாலே நடுங்குகிறவளுக்கு மூன்று கண் ஆந்தை. "இதுக்கெல்லாம் ஒரு வேலை இருக்கா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆண்பிள்ளை தைப்பதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்ற வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தீர்கள்.

அதை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் ஜிம் ஹென்சன் என்ற இளைஞர் 1955-இல் அம்மாவின் பழைய கோட்டை வெட்டி, ஒரு பிங்பாங் பந்தை இரண்டாக அறுத்துக் கண் வைத்து, ஒரு கைப்பாவை செய்தார். உலகம் அறிந்த தொலைக்காட்சிப் பாவையான கெர்மிட் தவளைக்கு அதுதான் ஆரம்பம். 1960-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய பட்டம் மனையியலில். சொந்தக்காரர்கள் அப்போதும் சிரித்திருக்கலாம். உங்கள் பையன் ஹென்சன் ஆவான் என்று நான் சொல்ல வரவில்லை. அதை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது லாட்டரி.

போன வாரம் அவனை வரச் சொன்னபோது பொம்மைகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பரிசாகப் போனது போக மிஞ்சிய நான்கைக் கொண்டுவந்தான். அழகாகத்தான் இருந்தன. துணியை வெட்டுவதற்காக வரைந்து வெட்டிய காகித வடிவங்கள் எங்கே என்றேன். அம்மா கூட்டித் தள்ளிவிட்டார்களாம்! எனக்கு வந்த கோபம் பொம்மைக்காக இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் பட்டுத் தேய்க்கும்போது அவை ஒன்றோடொன்று சிக்கி இறுகும். அதுதான் ஃபெல்ட். நெய்த துணி இல்லை என்பதால் பாவு, ஊடு என்று நெடுக்கும் குறுக்குமாக ஓடும் இழைகள் கிடையாது. எந்தப் பக்கம் வெட்டினாலும் ஓரம் பிரியாது. துணி இவ்வளவு விட்டுக்கொடுப்பதால், பொம்மையின் முழுப் பாரமும் வெட்டுகிற வடிவத்தின் மேல் விழுகிறது. தட்டையான துணியில் உருண்டையான கன்னம் வேண்டுமென்றால் ஓர் ஆப்பு வடிவத்தை வெட்டி எடுத்து, அந்த இடைவெளியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். நீர்யானையின் இரண்டு பக்கவாட்டுக்கும் நடுவே மூக்கிலிருந்து பிடரிவரை ஒரு பட்டி ஓடுகிறது. அது அரை சென்டிமீட்டர் அகலமானால் மூஞ்சியே வேறு. உங்கள் மகன் அந்தப் பட்டியை ஏழு முறை வரைந்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஷூ, பை, கார் இருக்கை உறை, முழங்கால் பட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் இதே வேலைதான். தட்டையானதை உடம்புக்கோ பொருளுக்கோ பொருந்த வளைப்பது. பேட்டர்ன் மேக்கர் என்று ஆடைத் தொழிலில் சொல்வார்கள். நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். வடிவமைப்புக் கல்லூரியில் போர்ட்ஃபோலியோவை, அதாவது மாணவன் செய்த வேலைகளின் தொகுப்பை, பார்க்கிறவரும் முடிந்த பொம்மையைப் பார்த்துத் தலையாட்டுவார், ஏழு காகிதத்தைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பார்.

பொருள் வடிவமைப்பு, ஆடை அல்லது துணி வடிவமைப்பு என்று அகலமான இளங்கலை ஒன்றில் சேரட்டும். இயந்திரவியல் பிடித்தால் அதுவும் சரியே. பொம்மைக்கென்றே படிக்க தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (NID) காந்திநகர் வளாகத்தில் விளையாட்டுப்பொருள் வடிவமைப்பில் முதுகலை இருக்கிறது. பாவைக்கலைதான் என்று உறுதியானால் பிராக் நகரத்து நாடகக் கல்லூரியில் 1952 முதல் அதற்குத் தனித்துறை உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் பட்டமே உண்டு. ஆனால் பாவையை ஆட்டி நடிக்கவைப்பதில் அவனுக்கு ஆர்வம் குறைவு என்று எனக்குப் படுகிறது. கொண்டுவந்ததில் கைப்பாவையாக இருந்ததை மாட்டிப் பேசச் சொன்னேன். பேசவில்லை. கட்டைவிரல் கீழ்த்தாடைக்குச் சரியாக இறங்கவில்லை என்று தையலைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியில் மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற பெண், சிறுவயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், 1880-இல் குண்டூசி குத்தி வைக்க ஒரு ஃபெல்ட் யானை தைத்து வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். குழந்தைகள் அதைப் பிடுங்கி விளையாடவே பொம்மை நிறுவனம் உருவானது. ஆனால் யானைக்கு முன்பே ஃபெல்ட் உடுப்புத் தைத்து விற்கும் தொழில் அவருக்கு இருந்தது. சோறு போட்டது அது.

ஒரு காலத்தில் இப்படிச் செய்த மாணவியிடம் உடனே ஆர்டர் எடு என்று நானே சொன்னேன். இருபது முயல், எல்லாம் ஒரே மாதிரி, பத்து நாளில். அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொடவில்லை. ஆகவே பள்ளி முடியும்வரை பரிசாகவே இருக்கட்டும். நண்பனின் கொட்டாவியை நீர்யானையாகப் பார்க்கிற கண் ஆர்டர் புத்தகத்தில் வளராது.

கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்கும்போது மட்டும் பட்டன் கண் வேண்டாம், நூலாலேயே தைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்று உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கணக்கு. இதை அவனிடம் சொன்னதும் நோட்டில் குறித்துக்கொண்டான்.

இப்போதைக்கு ஒரு அட்டைப்பெட்டி வாங்கிக் கொடுங்கள். வெட்டிய காகிதம், தப்பாகப்போன தலை எல்லாம் தேதி போட்டு அதற்குள் போகட்டும். கொடுத்துவிட்ட பொம்மைகளை நண்பர்களிடம் கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளட்டும். ராத்திரி விழிப்பு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. பத்து மணிக்குக் கத்தரியை வாங்கி வைத்துவிடுங்கள்.